நூறு நாள் வேலை: மரத்தடியில் உட்கார்ந்தால் கூலி வந்துவிடுமா?

கேள்வி இதுதான்: "நூறு நாள் வேலை கிராமத்து ஆட்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டது, வரி கட்டுகிறவர் பணம் மரத்தடியில் தூங்குகிறது என்கிறார்களே, எவ்வளவு உண்மை?"

கொஞ்சம் உண்மை, நிறைய ஆத்திரம். பிரித்துப் பார்த்தால்தான் யார் மேல் கோபப்பட வேண்டும் என்பது தெரியும்.

முதலில் பலரும் தவறாக நினைப்பது: காலையில் போய் பேர் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் முழுக் கூலி என்று. இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த 2005 ஊரக வேலை உறுதிச் சட்டப்படி அப்படி இல்லை. தமிழ்நாட்டுக்கு 2023-24இல் 294 ரூபாய், 2024-25இல் 319, 2025-26இல் 336 என்று அறிவித்தார்களே, அது ஒரு முழு நாள் வேலையின் அளவை முடித்தால் கிடைக்கும் தொகை. மண் வேலையில் தோண்டிய குழியின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து, மண் மெதுவா கடினமா, எவ்வளவு தூரம் சுமந்தார்கள், எவ்வளவு உயரம் ஏற்றினார்கள் என்பதையும் சேர்த்து, விலைப் பட்டியல்படி மதிப்புப் போடுவார்கள். ஓவர்சியர் அதை எம் புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், எழுத வேண்டும். அந்த மதிப்பை வேலை செய்தவர்களுக்குப் பிரித்தால் வருவதுதான் கூலி. ஊரில் 336 அறிவிப்பு வந்த பிறகும் சிலருக்கு 250, 280 என்று வங்கியில் ஏறுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பேச்சுக்கு ஒரு கணக்கு. 20 பேர், 6 நாள்: மொத்தம் 120 மனித நாள். முழு அளவு முடித்திருந்தால் 120 பெருக்கல் 336, அதாவது 40,320 ரூபாய். ஓவர்சியர் அளந்ததில் 30,240 ரூபாய்க்குத்தான் வேலை தேறியது என்றால் தலைக்கு நாளொன்றுக்கு 252.

கோளாறு இங்கேதான். இந்த 252, குனிந்து நிமிராமல் வெட்டியவருக்கும் அதேதான், கம்மாய்க் கரையில் கதை பேசியவருக்கும் அதேதான். இருபது பேருக்கும் சேர்த்து ஒரே அளவு போட்டால், இரண்டு வாரத்தில் நன்றாக உழைக்கிறவரும் கையைத் தளர்த்திவிடுவார். இதை ஏழைகளின் குணக்கேடு என்று சொல்வது எனக்கு வேடிக்கையாகத் தெரிகிறது. ஐ.டி. கம்பெனியில் எல்லாருக்கும் ஒரே மதிப்பீடு என்று அறிவித்துப் பாருங்கள், இதே கதைதான் நடக்கும்.

இதற்கு வழி இருக்கிறது. ராஜஸ்தானில் ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, காலையிலேயே ஒவ்வொரு குழுவுக்கும் இடம் அளந்து கொடுத்து, "முழு வேலை, முழுக் கூலி" என்று நடத்தினார்கள். ஐந்து பேருக்குள் யார் டிமிக்கி கொடுக்கிறார் என்பது மற்ற நான்கு பேருக்கும் தெரியும், ஓவர்சியர் வந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இதற்குப் பணித்தளப் பொறுப்பாளருக்கு டேப் பிடித்து அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். குழியின் நடுவில் கொஞ்சம் மண்ணைத் தோண்டாமல் திட்டாக விட வேண்டும், பழைய மட்டம் எது என்பதற்கு அதுதான் சாட்சி. அதை வெட்டி எடுத்துவிட்டால் பிறகு ஆழம் என்பது ஓவர்சியர் சொல்வதுதான். ஒரே ஓவர்சியர் பல ஊராட்சிகளைப் பார்க்கும்போது வாரக் கடைசியில் வந்து கண்ணாலேயே அளந்துவிட்டுப் போவதும் நடக்கிறது. அப்படிப் போட்ட அளவு குறைவாக இருந்தால் உழைத்தவருக்கு நட்டம், கூடுதலாக இருந்தால் வரி கட்டியவருக்கு நட்டம்.

இன்னொரு விஷயம், பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் படுவது. மதியம் ஒரு மணிக்கு முப்பது பெண்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் வேலைகள் தவிர, எல்லாத் தளங்களிலும் செல்போன் செயலியில்தான் வருகைப் பதிவு. காலையில் ஒரு போட்டோ, நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு போட்டோ. அளந்து கொடுத்த வேலையை வெயிலுக்கு முன்பே முடித்தவரும் இரண்டாவது போட்டோவுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். கூலி வேலையின் அளவுக்கு, வருகை நேரத்தின் அளவுக்கு என்று இரண்டு முறைகளை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றிய விளைவு இது. சும்மா இருப்பவர் வேலையை ஏய்த்தவரா, முடித்தவரா என்று சாலையிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, போட்டோவாவது திருட்டை நிறுத்தியதா என்றால், 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியதைப் பாருங்கள். வேலைக்குச் சம்பந்தமே இல்லாத போட்டோ, போட்டோவைப் போட்டோ எடுத்து ஏற்றுவது, பதிவில் உள்ள எண்ணிக்கைக்கும் படத்தில் உள்ள தலைகளுக்கும் பொருந்தாதது, ஒரே ஆட்கள் பல என்.எம்.ஆரில் (வேலைவாரி வருகைப் பதிவேட்டில்) வருவது என்று பட்டியலே போட்டிருந்தார்கள். வரி கட்டுகிறவர் உண்மையில் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். ஆள் வராமல் வேலை அட்டை மட்டும் வேலைக்குப் போய், ஏறிய கூலியில் பங்கு பிரிப்பது. அடுத்தது பொருள் செலவு. மொத்தத்தில் 40 சதவீதம் வரை பொருளுக்குப் போகலாம். சிமெண்ட், ஜல்லி பில்லில் ஒளிந்துகொள்ளும் தொகைக்கு முன்னால், கிழவி ஒருத்தி மரத்தடியில் ஒரு மணி நேரம் அசந்தது கணக்கிலேயே வராது.

அந்தக் கிழவி ஏன் அங்கே இருக்கிறாள் என்பதையும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023இல் உயர்த்திய முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். 336 ரூபாய் கூலியில் நான்கு நாள் வேலைக்குக்கூட அது ஈடாகாது. எழுபது வயதுக்காரர் மண்வெட்டி பிடிக்க வருவதற்கு இந்த இடைவெளிதான் காரணம். முதியோர் உதவியாகக் கொடுக்க வேண்டியதை வேலை என்ற பெயரில் கொடுத்துவிட்டு, பிறகு வேலை ஒழுங்காக நடக்கவில்லை என்று திட்டுகிறோம்.

"விவசாயத்துக்கு ஆள் கிடைக்கவில்லை" என்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அளவு தெரிந்து பேச வேண்டும். 2005 சட்டத்தில் 100 நாள் என்பது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. புருஷன் பெண்டாட்டி இருவரும் போனால் இருவருக்கும் சேர்த்தே 100. நடைமுறையில் தேசிய அளவில் ஒரு வீட்டுக்குக் கிடைப்பது ஆண்டுக்குச் சராசரியாக 50 நாள் அளவுதான், மீதி 315 நாள் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தளங்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்கள் கட்டட வேலைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள், அவர்களை இழுத்தது 336 ரூபாய் அல்ல. உண்மையான உரசல் நடவு, களையெடுப்பு, அறுவடை நாட்களில், அதுவும் பெண் கூலி குறைவாக உள்ள ஊர்களில் வருகிறது. அங்கே இந்தத் திட்டம் பெண் கூலியை மேலே தள்ளியது. நில உரிமையாளருக்கு அது பாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பேரம் பேசும் பலம் மாறியதால் வந்த பாரம். சோம்பல் என்று அதற்குப் பெயர் வைப்பது சரியில்லை.

2005 சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதுச் சட்டம், வி.பி.-ஜி ராம் ஜி, இந்தப் புகாரைக் காதில் வாங்கியிருக்கிறது. நாட்களை 125 ஆக்கி, விதைப்பு அறுவடைக் காலத்தில் மாநிலம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்க இடம் கொடுத்திருக்கிறது. செலவையும் மாற்றிவிட்டார்கள்: முன்பு உடலுழைப்புக் கூலி முழுக்க மத்திய அரசுடையது, பொருள் செலவு மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் 75:25, இனிமேல் பெரும்பாலான மாநிலங்களுக்கு மொத்தமும் 60:40. மாநிலம் தன் பையிலிருந்து போட்டால் கண்காணிப்பு கூடும் என்பது ஒரு வாதம். வேலை கொடுப்பதையே குறைத்துவிடும் என்பதுதான் என் பயம்.

வரிப்பணத்தின் அளவையும் சொல்லிவிடுகிறேன். 2025-26இல் திட்டத்துக்கு ஒதுக்கியது 86,000 கோடி. அந்த ஆண்டு மத்திய பட்ஜெட் 50 லட்சம் கோடிக்கு மேல். நூற்றுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. "வரி கட்டுகிறவர்" என்று ஒரு சாதியும், "வாங்கித் தின்கிறவர்" என்று இன்னொரு சாதியும் இல்லை. மண் சுமக்கிறவர் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்தாலும் அதில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இருக்கிறது. கூலி தாமதமானால் அரசு கொடுக்க வேண்டிய ஈடு நாளொன்றுக்கு 0.05 சதவீதம், 336 ரூபாய்க்கு 17 பைசா. நியாயம் பேசும்போது இந்தப் பக்கத்தையும் பேச வேண்டும்.

உங்கள் ஊரில் பணம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமா? நரேகா எனப்படும் நூறு நாள் திட்ட இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று உள்ளே போனால் வேலை அட்டைப் பட்டியலும் ஒவ்வொரு வேலையின் என்.எம்.ஆரும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வெளியூரில் நிரந்தரமாக இருப்பவர் பெயர், இறந்தவர் பெயர், ஒரே வாரத்தில் இரண்டு தளத்தில் வரும் பெயர், இந்த மூன்றையும் முதலில் தேடுங்கள். பிறகு வேலை நடந்த இடத்தில் இருக்க வேண்டிய பலகையைப் பாருங்கள். அதில் எழுதிய நீள அகலத்தைத் தரையில் அளந்து பார்க்க ஒரு டேப் போதும். மழைக்கு முன் போவது நல்லது, ஏரியில் தண்ணீர் நின்றுவிட்டால் எந்த ஆழத்தையும் நிரூபிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் எம் புக் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சமூகத் தணிக்கை அறிக்கை கிராம சபையில் வாசிக்கப்படும் நாளில் அந்த நகலோடு எழுந்து கேட்டால், ஊர்க்காரர்கள் முன்னிலையில் அது பதிவாகும். அங்கேயும் மழுப்பினால் மாவட்டக் குறைதீர்ப்பாளருக்கு எழுத்தில் மனு கொடுங்கள், வேலையின் குறியீட்டு எண்ணையும் என்.எம்.ஆர். எண்ணையும் மறக்காமல் குறிப்பிட்டு.