மேக்கும் ஐபேடும் ஒன்றாகிவிடுமா?

(பதில் சொல்பவர், சேலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்)

கேள்வி: மகள் கல்லூரியில் சேரப்போகிறாள். மேக்கிலும் ஐபேடிலும் ஒரே சிப்தான், ஆப்பிள் இரண்டையும் ஒன்றாக்கிவிடும், அதுவரை பொறு என்கிறான் தம்பி. பொறுக்கலாமா? – வாசகி, ஏற்காடு

பதில்: பொறுக்க வேண்டாம்மா. தம்பி சொல்வது பாதி சரி. 2020 நவம்பரில் மேக்கில் வந்த எம்1 சிப், அடுத்த வருஷமே ஐபேட் ப்ரோவுக்குள்ளும் போனது. 2025-ல் வந்த ஐபேட்ஓஎஸ் 26 என்ற ஐபேட் மென்பொருளில் மேக் மாதிரியே விண்டோக்களை இழுத்துச் சின்னதாக்கலாம், ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாம். ஆனாலும் இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

தன் பொருளைத் தானே விழுங்க ஆப்பிள் பயந்ததில்லை. நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஐபாட் மினி என்ற பாட்டுப்பெட்டியை 2005-ல் நிறுத்திவிட்டு ஐபாட் நானோவைக் கொண்டுவந்தார்கள். 2007-ல் வந்த ஐபோன், ஐபாடையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. ஆனால் ஐபாடுக்குப் பதில் ஐபோன் வாங்கினால் பில் கூடும். இரண்டு பெட்டி வாங்குகிறவருக்கு ஒன்றே போதும் என்று ஆக்கினால் பில் குறையும். அதை எதற்காகச் செய்வார்கள்? ஐபேடுக்குக் கீபோர்டும் பென்சிலும்கூடத் தனி விலைதானே.

நான் கவலைப்படுவது மெமரியை, அதாவது ரேமைப் பற்றித்தான். எங்கப்பா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த வளையத்தை மறுபடி சூடுகாட்டிப் பிரித்துவிடுவார். ஆனால் எம்1-லிருந்து தொடங்கும் சிப் வரிசையில் மெமரி, சிப்போடு சேர்ந்தே உட்கார்ந்திருக்கிறது. பிறகு கூட்டித் தரச் சொல்லி என் கடைக்கு வந்தால் வழியில்லை. வாங்குகிற அன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். 2024 அக்டோபரில் மேக்கின் ஆரம்ப மெமரியை 8-லிருந்து 16 ஜிபி ஆக்கினார்கள். தள்ளுபடி என்று பழைய 8 ஜிபி ஸ்டாக்கைக் காட்டினால் எடுக்காதீர்கள்.

அப்புறம், ஏற்காடு என்பதால் ஒன்று. போன மழைக்கு உங்கள் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு லேப்டாப் வந்தது. பின்மூடியைத் திறந்தால், சார்ஜர் செருகும் இடத்தைச் சுற்றி போர்டில் பச்சையாகக் களிம்பு. பிரஷ்ஷால் தேய்த்ததும் அடியிலிருந்த செம்புக் கோடும் சேர்ந்து உதிர்ந்தது. தண்ணீர் எதுவும் கொட்டவில்லை. ராத்திரி முழுக்க ஜன்னலோரம் இருந்திருக்கிறது, மூடுபனியே போதும். மகள் விடுமுறைக்கு வரும்போது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது எம்1-க்கு முந்தைய, இன்டெல் சிப் உள்ள மேக். இன்னும் எத்தனை நாள்? – வாசகர், சூரமங்கலம்

பதில்: மேக்கின் மென்பொருளில் மேக்ஓஎஸ் 26 தான் இன்டெலுக்குக் கடைசி என்று ஆப்பிளே 2025 ஜூனில் சொல்லிவிட்டது. அதுவும் சில மாடல்களுக்கு மட்டும். 2006-ல் பவர்பிசி என்ற பழைய சிப்பிலிருந்து இன்டெலுக்கு மாறினார்கள்; 2009-லேயே பழையதைக் கைவிட்டார்கள். இந்த முறை கொஞ்சம் தாராளம். பாதுகாப்பு அப்டேட் வருகிறவரை பேங்க் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நின்றபிறகு பாட்டு கேட்க, டைப் அடிக்க மட்டும்.