ஒரே ஒரு கேள்வியில போனது

கேள்வி: அக்கா, எனக்கு வயசு 26, நாகர்கோவில் பக்கம். பிஎஸ்சி நர்சிங் முடிச்சுட்டு ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில வேலை பாக்குறேன். ஜெர்மனி போறதுக்காக ஒன்றரை வருஷமா ஜெர்மன் படிக்கிறேன். முதல் ரெண்டு லெவல் ஏ1, ஏ2 ஜாலியா போச்சு. அடுத்த லெவல் பி1-ல ஹோரன் (ஆடியோ கேட்டு பதில் சொல்ற பகுதி) மட்டும் 57 மார்க், ஃபெயில். கூடப் படிச்ச பிள்ளைங்க பி2 ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு மாசமா புக்கைத் திறந்தாலே அழுகையா வருது. அம்மா நகையை அடகு வச்சுதான் ஃபீஸ் கட்டினாங்க. எனக்கு மொழியே வராதோ? (பேர் போட வேண்டாம்)

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த 57-ஐ கொஞ்சம் உக்காந்து பாப்போம். ஹோரன்ல மொத்தம் 30 கேள்வி, பாஸ் ஆக 100-க்கு 60 மார்க் வேணும், அதாவது 18 சரியா இருக்கணும். 57-னா நீ 17 சரியா போட்டிருக்க. ஒரே ஒரு கேள்வி! அதுக்குப் போய் மொழியே வராதோன்னு கேக்குறியே, படிக்கிறது, எழுதுறது, பேசுறதுன்னு மத்த மூணு மாட்யூல் பாஸ் பண்ணது யாரு? அந்த மூணும் உன் கையில இருக்கு, அதைத் திரும்ப எழுத வேண்டியதில்ல, ஹோரனை மட்டும் தனியா எழுதலாம், ஃபீஸும் அதுக்கு மட்டும் கட்டினாப் போதும். இதை இன்னைக்கே அம்மாகிட்ட சொல்லு, ஏன்னா நகை விஷயத்துல உன்னைவிட அவங்கதான் ராத்திரி தூங்காம இருப்பாங்க.

ஏ1, ஏ2 ஜாலியா போய் பி1-ல அலுத்துப்போறது எனக்கும் நடந்துச்சு, நானும் சென்னையில ஜெர்மன் படிச்சவதான். ஆரம்பத்துல தினம் புதுசா ஒண்ணு வாயில வரும், பேர் சொல்லத் தெரியும், டீ கேக்கத் தெரியும், வளர்றது கண்ணுக்குத் தெரியும். பி1-ல ஒரு மாசம் படிச்சாலும் அப்படியே நிக்கிற மாதிரி இருக்கும், ஆனா உள்ள ஏறிக்கிட்டேதான் இருக்கும், அதனால ஆர்வம் வரட்டும் அப்புறம் உக்காரலாம்னு காத்திருக்காத, உக்காந்தாத்தான் அது வரும், அதுவும் லேட்டா வரும்.

இப்ப ஹோரன் விஷயத்துக்கு வர்றேன். நீ இங்கிலீஷ் வழியா ஜெர்மனைக் கேக்குறன்னு நினைக்கிறேன், நம்ம எல்லாரும் அப்படித்தான் படிக்கிறோம். நான் கிளாஸ்ல ஒருநாள் எனக்குக் குளிருதுன்னு சொல்ல, இங்கிலீஷ் "ஐ ஆம் கோல்ட்"டை வச்சு "இஷ் பின் கால்ட்"னு தப்பா சொன்னேன். டீச்சர் நம்ம ஊர்க்காரங்க, சிரிக்காம கேட்டாங்க, "இதைத் தமிழ்ல எப்படிச் சொல்லுவ?"ன்னு. எனக்குக் குளிருதுன்னேன். "அப்ப அந்த எனக்குங்கிறதைப் போடு, மிர் இஸ்ட் கால்ட்"னாங்க. அன்னைக்கு எனக்குள்ள ஏதோ திறந்துச்சு. பிடிச்சிருக்குன்னு சொல்ல "மிர் கெஃபெல்ட் எஸ்", அதே எனக்கு. பேஷண்ட்கிட்ட எங்க வலிக்குதுன்னு கேக்க "வோ டூட் எஸ் ஈனென் வே?", இதுல ஈனென்தான் நம்ம உங்களுக்கு. நீ, நீங்க வித்தியாசம்கூட அவங்ககிட்ட டூ, ஸீன்னு இருக்கு, அறுபது வயசு பேஷண்டை டூன்னு கூப்பிடக் கூடாதுன்னு உனக்கு யாரும் சொல்லித்தரவே வேண்டாம்.

இதைவிடப் பெரிய விஷயம் வாக்கியத்தோட கடைசி. "இஷ் ஹாபெ டென் டெர்மீன்"னு (நான் அப்பாயின்ட்மென்ட்டை...) ஆரம்பிச்சா இன்னும் ஒண்ணுமே தெரியாது. கடைசியில "அப்கெசாக்ட்"னு முடிஞ்சா அப்பாயின்ட்மென்ட்டை கேன்சல் பண்ணியாச்சு, "ட்சூகெசாக்ட்"னு முடிஞ்சா வர்றேன்னு சொல்லியாச்சு. நம்ம சாப்பிட்டேனுக்கும் சாப்பிடலைக்கும் கடைசியில தான வித்தியாசம், அந்தக் கடைசி வரைக்கும் பொறுத்துக் கேக்குற காது நமக்குப் பொறந்ததுலேர்ந்து இருக்கு. பரிச்சை ஹால்ல பதட்டத்துல நடுவுல ஒரு தெரிஞ்ச வார்த்தை வந்ததும் டக்குன்னு டிக் பண்ணிடுறோம், அதுலயே மார்க் போயிடுது, அதுவும் சில பகுதியை ஒரே தடவைதான் போடுவாங்க.

அதனால இனிமே ஒரு மாசத்துக்கு இலக்கணப் புக்கை மூடி வை. டூட்டிக்குப் போற பஸ்ல பத்து நிமிஷம், அவ்வளவுதான். பரிச்சை நடத்துற கோத்தே இன்ஸ்டிட்யூட் வெப்சைட்ல பி1 மாதிரித் தேர்வு ஆடியோவோட ஃப்ரீயா இருக்கு, அதுல ஒரு சின்னத் துண்டை எடுத்து ஒரு வாரம் முழுக்க அதையே கேளு. முதல் ரெண்டு நாள் எழுத்தைப் பாக்காத, மூணாம் நாள் பாத்துக்கிட்டே கேளு, அப்புறம் வாக்கியம் முடியிற இடத்துல நிறுத்தி அந்தக் கடைசி வார்த்தையை நீயும் வாய்விட்டுச் சொல்லு. போரடிக்கும், ஆனா சனிக்கிழமை அதே ஆடியோ மெதுவா ஓடுற மாதிரி கேக்கும், அந்த ஒரு அனுபவம் கிடைச்சுதுன்னா மறுபடி உக்கார மனசு வரும். டாய்ச்ச வெல்லங்கிற ஜெர்மன் செய்தி நிறுவனத்துல மெதுவா வாசிக்கிற செய்தி இருக்கு, அது உனக்கு இப்போதைக்குக் கஷ்டம், பி2-க்கு வச்சுக்கோ. நைட் டூட்டி முடிஞ்ச காலையில எதுவும் கேக்காத, தூங்கு.

பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பை மியூட் பண்ணிடு, அவங்க நல்லா போகட்டும். 1706-ல ஜெர்மன்காரரான சீகன்பால்கு பாதிரியார் தரங்கம்பாடிக்கு வந்தப்ப அவருக்கு வயசு 24 கூட நிறையல, நம்ம பிள்ளைங்களோட சேர்ந்து உக்காந்து மணல்ல விரலால அ, ஆ எழுதித்தான் தமிழ் படிச்சாரு, ஒம்பது வருஷத்துல புதிய ஏற்பாடு முழுசும் தமிழ்ல அச்சாகிடுச்சு. அவர் வந்த பாதையிலதான் நீ எதிர்த்திசையில போற.

தேதியை இந்த வாரமே புக் பண்ணிடாத, ரெண்டு மாதிரித் தேர்வுல வரிசையா 21 சரியா வரட்டும். முதல் துண்டா பேஷண்ட், அப்பாயின்ட்மென்ட்னு வர்ற ஆடியோவாப் பாத்து எடு, அந்தப் பேச்சு உனக்குத் தினமும் பழக்கம்தான.