அட்டையில் 146, அசலில் 143

மேடம்,

எனக்கு வயசு 25. பிறந்தது அலங்காநல்லூர், வாக்கப்பட்டது உசிலம்பட்டிப் பக்கம். பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட சின்னதா ஒரு தையல் கடை வச்சிருக்கேன். ஜாக்கெட், சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம் தைப்பேன். இப்ப 30 வாரம் முடிஞ்சிருக்கு. தலைப்பிரசவம்.

நான் ரொம்பக் குட்டை மேடம். ஸ்கூல் பிரேயர்ல ஆறாங்கிளாஸ்ல இருந்து பன்னெண்டு வரைக்கும் வரிசையில மொத ஆள் நான்தான். ‘பொடிசு’ன்னுதான் கூப்பிடுவாங்க, டீச்சருங்க உட்பட. முழுகாம இருக்கறதுக்கு முன்னாடி 40 கிலோ, இப்ப 47. எங்க வீட்டுக்காரர் கிட்டத்தட்ட ஆறடி. அழகர் ஆத்துல இறங்குறதைப் பாக்கப் போனப்ப, “தூக்கிக் காட்டவா?”ன்னு கேட்டாரு. சிரிச்சுக்கிட்டேன். ஆனா அந்தப் பேச்செல்லாம் உள்ள போயி உக்காந்துக்குது.

கல்யாணம் பேசும்போது தரகர் ‘அஞ்சடி’ன்னு சொல்லிட்டாரு. அம்மாவும் இல்லைன்னு சொல்லலை. பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக் கொண்டையை உசத்திப் போட்டு உக்கார வச்சாங்க. மணமேடையில மாலை மாத்த நின்னப்ப எங்க அத்தை நாத்தனார் கிட்ட, “அஞ்சடின்னாக”ன்னு மெதுவாச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் அத்தை அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. தங்கமானவங்க. கல்யாணமான மொத வாரமே எங்க வீட்டுக்காரர் அடுப்படிப் பலகையைக் கழட்டி, எனக்குக் கை எட்டுற மாதிரி இறக்கி அடிச்சுக் குடுத்தாரு. குறை சொல்ல ஒண்ணுமில்லை.

ஆறாவது மாசம் டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில காட்டினோம். டாக்டரம்மா ரெண்டு நிமிசம்தான் பாத்தாங்க. “பொண்ணு சின்னதா இருக்கே, ஆபரேஷனுக்கும் மனசைத் தயார் பண்ணிக்கங்க”ன்னுட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா, “பிள்ளை தகப்பன் கணக்குக்கு வளந்தா இந்த இடுப்புல எப்படிடி இறங்கும்?”னு கேக்குறாங்க. வீட்டுக்காரரோட அப்பத்தா, களையெடுக்கப் போன காட்டுலயே பிள்ளையைப் பெத்து முந்தானையில சுத்திக் கொண்டாந்த கதையை வாரத்துக்கு ரெண்டு தடவை சொல்லும். எங்க அம்மாவும் என்னை மாதிரிதான் குட்டை, ஒரு விரக்கடை கூட இருப்பாங்க. மூணு பேரையும் சுகப்பிரசவமாத்தான் பெத்தாங்க. அதைக் கேட்டா தைரியம் வரணும்ல? எனக்கு இன்னும் பயம்தான் வருது. அம்மாவால முடிஞ்சது என்னால முடியலைன்னா?

ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துருது. எந்திரிச்சுப் போயி இன்ச் டேப்பால என் இடுப்பை அளந்து பாக்குறேன். ஊருக்கெல்லாம் அளவு எடுக்குறவ இப்படி ஆயிட்டேன். பிள்ளை ரொம்ப வளந்துரக் கூடாதுன்னு ஒரு மாசமா ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக் குறைச்சுட்டேன். அத்தைக்குத் தெரியாது.

இன்னொண்ணு, இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. மூணாம் மாசம் ஆரம்ப சுகாதார நிலையத்துல பதியும்போது உயரம் எடுத்தாங்க. நர்ஸம்மா திரும்பி நோட்டை எடுத்த நேரத்துல குதிகாலைத் தூக்கிட்டேன். வேணும்னு செய்யலை, கால் அதுவாத் தூக்கிக்கிச்சு. அட்டையில 146னு எழுதியிருக்கு. என் டேப்புல பாத்தா 56¼ இன்ச், அதாவது 143. இந்தத் தப்பான கணக்கை வச்சு டாக்டர் ஏதாவது முடிவெடுத்து பிள்ளைக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா?

என்னை மாதிரி ஆளுக்குச் சுகப்பிரசவம் ஆகுமா? இல்லை, இப்பவே ஆபரேஷன்னு சொல்லிரலாமா? முடிவா ஒண்ணு சொல்லுங்க மேடம்.

— அலங்காநல்லூர்ப் பொண்ணு


அன்புத் தங்கைக்கு,

முதலில் சோறு. இன்று ராத்திரியிலிருந்தே முழுச் சாப்பாடு சாப்பிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். தாய் வயிற்றைக் காயப்போட்டால் பிள்ளை சின்னதாகி லேசாக இறங்கிவிடும் என்று நம் பக்கத்தில் பல தலைமுறையாக நம்புகிறார்கள். நடப்பது வேறு. உங்களுக்கு ரத்தம் குறையும், பிரசவத்துக்குத் தேவையான தெம்பு குறையும், பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம். 2.5 கிலோவுக்குக் கீழே பிறக்கும் குழந்தை பால் குடிக்கவும் உடம்புச் சூட்டைத் தக்கவைக்கவும் திணறும். ஒரு மாதமாகக் குறைத்துச் சாப்பிட்டதை அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் சொல்லுங்கள். ஹீமோகுளோபினையும் பிள்ளையின் வளர்ச்சியையும் பார்த்துக்கொள்வார். இரும்புச் சத்து மாத்திரையை விட்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

அடுத்து அந்தக் குதிகால். படித்தபோது சிரித்துவிட்டேன், கோபிக்காதீர்கள். ஏழு வருடம் வரிசையின் முதல் ஆளாக நின்ற கால், அளவுகோலைப் பார்த்ததும் தானாகத் தூக்கிக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் திருத்த வேண்டும். காரணம் இதுதான்: உயரக் குறைவை ஆஸ்பத்திரிகளில் ஒரு எச்சரிக்கைக் குறியாக வைத்திருக்கிறார்கள். 140 சென்டிமீட்டரில் கோடு போடுகிறவர்களும் உண்டு, 145-ல் போடுகிறவர்களும் உண்டு. நீங்கள் தூக்கிய மூன்று சென்டிமீட்டர் 145-ஐத் தாண்ட வைத்துவிட்டது. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் ஆபரேஷன்தான் என்று அர்த்தமில்லை. பிரசவம் பார்க்கும் இடத்தில் ஆபரேஷன் தியேட்டர், ரத்தம், மயக்க டாக்டர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றுதான் அர்த்தம். கடைசி நேரத்தில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஆம்புலன்ஸில் அலையாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

நான் மகப்பேறு மருத்துவர் இல்லை. ஆனால் கர்ப்பிணிகளோடு உட்கார்ந்து பேசுவதே வேலையாகிவிட்டதால் அந்த டாக்டர்களிடம் நிறையக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். குட்டையான பெண்களுக்கு ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இன்னாருக்கு ஆகும், இன்னாருக்கு ஆகாது என்று உயரத்தை வைத்து மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. உங்கள் டேப் அளப்பது தோலுக்கும் சதைக்கும் வெளியே இருக்கும் சுற்றளவு. பிள்ளை வரும் பாதை உள்ளே எலும்புக்கு நடுவே இருக்கிறது. அகலமான இடுப்புக்காரிக்கு உள்ளே குறுகலாக இருக்கலாம், ஒல்லி இடுப்புக்காரிக்குத் தாராளமாக இருக்கலாம். நலமாக இருக்கும் கர்ப்பிணி வலியோடு வந்து சேரும்போது இடுப்பெலும்பைக் கையால் அளந்து பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது.

இது அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துத் தைக்கச் சொல்லும் வேலையும் இல்லை. உங்கள் தொழிலில் துணி ஓர் அளவு, உடம்பு ஓர் அளவு, இரண்டும் அசையாது. இங்கே இரண்டுமே அசையும். கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் இடுப்பு மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்களைத் தளர்த்தும். நடப்பது, குந்துவது, முட்டிபோட்டுச் சாய்வது, ஒருக்களித்துப் படுப்பது என்று நிலை மாறும்போது உள்ளே இருக்கும் இடமும் கொஞ்சம் மாறும். பிள்ளையின் மண்டை எலும்புகளும் ஒட்டிக்கொண்டு பிறப்பதில்லை. வெளியே வரும் வழியில் ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறித் தலையின் சுற்றளவைக் குறைத்துக்கொள்ளும். பிறந்த பிள்ளையின் தலை நீண்டு கூம்பினாற்போல் இருப்பது அதனால்தான். (பாட்டிமார் எண்ணெய் போட்டு உருட்டித்தான் தலை உருண்டையாகிறது என்பார்கள். உருட்டாமலே சில நாளில் தானாகச் சரியாகிவிடும். நீங்கள் யாரையும் உருட்ட விடாதீர்கள்.)

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு பழைய கதை. 1938-ல் வால்ட்டன், ஹாமண்ட் என்று இரண்டு பேர் இங்கிலாந்தில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஷயர் என்பது யானை மாதிரி ஓர் இனக் குதிரை, ஷெட்லாண்ட் குட்டை இனம். இரண்டையும் கலந்தார்கள். தகப்பன் ஷயர், தாய் ஷெட்லாண்ட் என்றபோது குட்டி சின்னதாகப் பிறந்தது. மாற்றிப் போட்டபோது பெரிதாகப் பிறந்தது. வயிற்றுக்குள் எவ்வளவு வளர்வது என்பதில் தாயின் உடம்புக்குப் பெரிய பங்கு உண்டு. மனிதர்களில் கணக்கு இவ்வளவு நேராக இருக்காது, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளை பெரிதாகலாம். இருந்தாலும் ஆறடி அப்பாவுக்காகப் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே ஆறடிக் கணக்கில் வளர்ந்துவிடாது. கடைசி ஸ்கேனில் சொல்லும் எடையையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது 15 சதவீதம்வரை முன்பின் இருக்கலாம். 3 கிலோ என்று சொன்ன பிள்ளை 2.6 ஆகவும் பிறக்கலாம், 3.4 ஆகவும் பிறக்கலாம்.

ஆகவே “முடிவாச் சொல்லுங்க” என்ற கேள்விக்கு, வலி வந்த பிறகுதான் தெரியும் என்பதுதான் நேர்மையான பதில். முதல் பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்ததிலிருந்து முழுதாகத் திறக்க 12 மணி நேரம்வரை ஆகலாம், அதன் பிறகு முக்கி வெளியேற்ற 3 மணி நேரம்வரை ஆகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டி. அந்த நேரத்தில் தலை இறங்குகிறதா, பிள்ளையின் இதயத் துடிப்பு சீராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இறங்கவில்லை என்றால் ஆபரேஷன். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். “வேறு சிக்கல் இல்லைன்னா வலி வர்றவரைக்கும் காத்திருந்து பாப்பீங்களா?” “நடுராத்திரியில ஆபரேஷன் தேவைப்பட்டா இங்க மயக்க டாக்டர் இருப்பாரா?” நேரான பதில் வராவிட்டால் மதுரை பெரியாஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

இனி எனக்குத் தெரிந்த வேலைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் வலியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பதே அதைத்தான். நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் பிரேயர் வரிசை, தரகர், கொண்டை, மணமேடை, அளவுகோல். உங்களுக்குப் பிரசவம் இன்னோர் அளவுகோலாகத் தெரிகிறது. எல்லார் முன்னாலும் ஏறி நிற்க வேண்டும், இந்தத் தடவை குதிகாலைத் தூக்க முடியாது. ஆபரேஷன் ஆகிவிட்டால் “அஞ்சடின்னாக” என்ற அந்தப் பேச்சு திரும்ப வரும் என்று பயப்படுகிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு டேப்பை எடுக்க வைப்பது அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 45 பிரசவம் ஆபரேஷனில்தான் நடந்திருக்கிறது. இவ்வளவு தேவையா என்பது தனிச் சண்டை, எனக்கும் அதில் கோபம் உண்டு. ஆனால் அந்த 45 பேரும் குட்டையானவர்கள் இல்லை. ‘சுகப்பிரசவம்’ என்ற சொல்லின் மேலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அதற்கு எதிர்ச்சொல் என்ன, அசுகப் பிரசவமா? தையல் போட்டுப் பிள்ளையோடு வீட்டுக்கு வருகிறவளுக்கு அந்தச் சொல் ஒரு குத்து. அப்பத்தாவின் களையெடுப்புக் காட்டுக் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள், ரசித்தும் கேளுங்கள். அந்தக் காட்டுக்குப் போய்த் திரும்பி வராதவர்களின் கதையைச் சொல்ல ஆளில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கிறார்கள். அம்மாதான் வர வேண்டும் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். அம்மா வந்தால் அவருடைய மூன்று சுகப்பிரசவமும் கூடவே வந்து நிற்கும். யார் முன்னால் கூச்சமில்லாமல் கத்த முடியுமோ அவரைக் கூப்பிடுங்கள். அது அத்தையாகவும் இருக்கலாம். மணமேடையில் ஒரு வார்த்தை சொன்னவர், அதற்குப் பிறகு வாயே திறக்காதவரும் அவர்தானே.

டேப்பைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ராத்திரி முழிப்பு வந்தால் வீட்டுக்காரரை எழுப்புங்கள். இன்னும் இரண்டு வாரம் போயும் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, படபடப்பு அடங்கவில்லை என்றால் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

குதிகால் விஷயத்தை யாரிடமும் சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அஞ்சடி என்று நம்பிக்கொண்டிருப்பவர் கல்யாணமான முதல் வாரமே அடுப்படிப் பலகையை இறக்கி அடிக்க மாட்டார். எத்தனை அங்குலம் இறக்கினார் என்று அவரையே கேட்டுப் பாருங்கள். அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிப்போய், செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை நில்லுங்கள். நர்ஸம்மா இரண்டு வார்த்தை திட்டினால் திட்டட்டும்.