நினைவுக்கல்லில் என்ன எழுதுவது?

கேள்வி: ஈழப் போரில் இறந்த எங்கள் உறவினர்களுக்கு ஒரு நினைவுக்கல் நட விரும்புகிறோம். என்ன எழுதலாம், எங்கே நடலாம்?
வாசகர், பவானிசாகர்

பதில்: இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். சாலை, நடைபாதை போன்ற பொது இடங்களில் சிலை வைக்க அனுமதி தரக் கூடாதென்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அகதி முகாம் நிலமும் அரசுடையது. யாராவது மனமுவந்து தரும் பட்டா நிலமே பாதுகாப்பு.

'மாவீரர்களுக்கு அஞ்சலி' என்று பொதுவாக ஒரு வரி எழுதி முடித்துவிடாதீர்கள். தருமபுரிப் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள்: இன்னார் மகன் இன்னான், இன்ன ஊர்த் தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான் (இறந்தான்) என்றிருக்கும். ஆயிரம் வருசம் கழித்தும் அந்த ஆள் நமக்குத் தெரிகிறான். நீங்களும் பெயர், வயது, பிறந்த ஊர், இறந்த இடம், நாள் எல்லாம் எழுதுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களை இறந்தவர் வரிசையில் சேர்க்கவே வேண்டாம். அவர்களைத் தேடிக் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள். நீங்கள் 'இறந்தார்' என்று வெட்டினால் அந்தத் தாயின் கேள்வியை நீங்களே மூடியதாகிவிடும். அவர்களுக்குத் தனிப் பத்தி, கீழே வெற்றிடம்.

கல் நட்ட ஆண்டையும் வெட்டுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. தோற்ற தென்தரப்பின் தளபதி லீக்கு ரிச்மண்டில் சிலை எழுந்தது 1890இல். கறுப்பின மக்களின் வாக்குரிமை தென் மாநிலங்களில் பறிபோய்க்கொண்டிருந்த காலம் அது. சிலை யாருக்காக நின்றது என்பதை அந்த ஆண்டே காட்டிக்கொடுக்கிறது. 2021 செப்டம்பரில்தான் இறக்கினார்கள்.

இனி வேலை. 5 அடிக் கல்லானால் ஒன்றரை அடி மண்ணுக்குள் போக வேண்டும். தரைக்கு மேல் அரை அடி எழுத்தில்லாமல் விடுங்கள்; பிற்பாடு யாராவது சிமெண்ட் மேடை கட்டினால் முதலில் மூடுவது கடைசி வரியைத்தான். எழுத்தைப் பெயிண்டால் எழுதினால் வெயிலில் உரிந்துவிடும், உளியால் 3, 4 மில்லிமீட்டர் ஆழம் வெட்டச் சொல்லுங்கள். எழுத்து ஒரு அங்குலத்துக்குக் குறைந்தால் புள்ளி அடைபட்டு 'ன்' 'ன' ஆகிவிடும். கல்லில் வரைந்ததும், உளி படுமுன், அந்தந்த வீட்டார் தங்கள் வரியைப் படித்துப் பார்க்கட்டும். பெயர்ப்பிழை கல்லில் போனால் திருத்த வழியில்லை.

பெயர்ப்பட்டியலை நோட்டிலும் எழுதி இரண்டு வீடுகளில் வையுங்கள். 2009இல் போர் முடிந்த இடமான முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நின்ற நினைவுத்தூணை 2021 ஜனவரி 8ஆம் தேதி இரவில் இடித்தார்கள். மாணவர் போராட்டத்துக்குப் பிறகு ஏப்ரலில் திரும்ப எழுந்தது.

கேள்வி: கல் நடவே வசதியில்லாதவர்கள் என்ன செய்யலாம்?
வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: மே 18 அன்று முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுங்கள். போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சிக்கிய சனம் குடித்தது அதுதான். 2024 மே மாதம் இலங்கையின் சம்பூரில் இதைக் கொடுத்தவர்களைக் கைது செய்தார்கள். அந்தக் கஞ்சிக்கு அவ்வளவு நினைவுபலம் இருக்கிறது. ஒரு படி அரிசிக்குப் பத்துப் படி தண்ணீர், கொஞ்சம் உப்பு. கொட்டாங்குச்சியில் ஊற்றிக் கொடுங்கள். தாளிக்க வேண்டாம், ஊறுகாயும் வேண்டாம்.