கணினி கேள்வி-பதில்: திறந்திருக்கும் எக்செல்லைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: எக்செல்லில் ஒரு பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, அதிலுள்ள தொகைகளை வேர்ட் கடிதத்துக்குள் கொண்டுவர மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதினேன். பட்டியல் கண்ணெதிரே திறந்து கிடக்க, மேக்ரோ அப்படி ஒன்றே இல்லை என்கிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் எக்செல் நாலைந்து ஓடுகிறது. என்னதான் நடக்கிறது?

பதில்: மேக்ரோவில் கிரியேட்ஆப்ஜெக்ட் என்று எழுதியிருப்பீர்கள். அது ஒவ்வொரு தடவையும் புதிய எக்செல் ஒன்றைக் கிளப்பும், அதுவும் திரையில் தெரியாமல். வேலை முடிந்ததும் குவிட் சொல்லாமல் விட்டால் அப்படியே தங்கிவிடும். அந்த நாலைந்தும் அப்படிச் சேர்ந்தவைதான். முதலில் உங்கள் பட்டியலைச் சேமித்துவிட்டு எல்லா எக்செல்லையும் மூடுங்கள், டாஸ்க் மேனேஜரில் ஒட்டிக்கொண்டிருப்பவை உட்பட.

அப்புறம், ஓடிக்கொண்டிருப்பதைப் பிடிக்க கெட்ஆப்ஜெக்ட் போடுங்கள். அடைப்புக்குறிக்குள் முதல் இடத்தைக் காலியாக விட்டு, கமா போட்டு, அதன் பிறகு 'எக்செல்.அப்ளிகேஷன்' என்று கொடுக்க வேண்டும். கமா விட்டுப்போனால் அதைக் கோப்பின் பெயர் என்று நினைத்துத் தேடப் போய்விடும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட எக்செல் ஓடினால் எது கையில் சிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் முதல் இடத்தில் கோப்பின் முழுப் பாதையையே கொடுத்துவிடுவதுதான் என் கட்சி, திறந்திருக்கும் அந்தப் பட்டியலே நேராகக் கிடைக்கும். எக்செல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகவும் வேர்டைச் சாதாரணமாகவும் திறந்திருந்தால் மட்டும் ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியாது, 429 என்ற பிழை வரும்.

இன்னொன்று, எக்செல்லில் ஏதாவது ஒரு செல்லுக்குள் கர்சர் துடித்துக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து எதைக் கேட்டாலும் அது ஏற்காது. என்டரோ எஸ்கேப்போ தட்டிவிட்டு மேக்ரோவை ஓட்டுங்கள். தொகைகளையும் ஒவ்வொரு செல்லாகக் கேட்காதீர்கள். ஒவ்வொரு கேள்வியும் ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்ப வேண்டும், ஆயிரம் செல் என்றால் ஆயிரம் நடை. முழு ரேஞ்சின் (செல்களின் தொகுப்பு) வேல்யூவையும் ஒரே மூச்சில் ஒரு அரேயில் (பல மதிப்புகளை ஒன்றாக வைக்கும் இடம்) வாங்கிக்கொண்டால் ஒரு நடையோடு முடிந்தது.

கேள்வி: எங்களிடம் உள்ள பழைய மென்பொருள் டிடிஇ வழியாகத்தான் எக்செல்லுக்கு எண்களைத் தருகிறது. தொடரலாமா?

பதில்: ஒரு புரோகிராம் இன்னொன்றுக்குத் தகவல் தருவதற்காக 1987-இல் விண்டோஸ் 2.0-வோடு வந்த ஏற்பாடு அது. எந்த புரோகிராம், எந்தக் கோப்பு, அதில் எந்த இடம் என்று மூன்றே விவரம். செல்லில் இவற்றை இடையே ஒரு செங்குத்துக் கோடும் (|) ஆச்சரியக்குறியும் (!) போட்டு எழுதினால் எண் தானாக வந்து மாறிக்கொண்டே இருக்கும். எளிமை என்றால் அப்படியொரு எளிமை! ஆனால் இதே வழியில் கோப்புக்குள் ஆணைகளை ஒளித்து அனுப்ப ஆரம்பித்தார்கள், அதனால் 2017 டிசம்பரில் வேர்டில் இது இயல்பாகவே இயங்காதபடி மைக்ரோசாஃப்ட் அடைத்துவிட்டது. ஓடுகிற வரைக்கும் ஓடட்டும், புதிதாக எதையும் இதன்மேல் கட்டாதீர்கள்.

கேள்வி: மேக், லினக்ஸில் ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றைப் பிடிக்க என்ன வழி?

பதில்: மேக்கில் ஆப்பிள்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி, 1993-இலிருந்தே இருக்கிறது. லினக்ஸில் டி-பஸ், அதாவது புரோகிராம்களுக்கிடையே செய்தி கடத்தும் ஏற்பாடு. இரண்டிலுமே எதிர்முனையிலிருக்கும் புரோகிராம் கதவைத் திறந்து வைத்திருந்தால்தான் உள்ளே போக முடியும், எல்லா மென்பொருளும் திறப்பதில்லை.