மஞ்சள் பாட்டில் தண்ணீர் சுகரைக் குறைக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. எட்டு வருடமாகச் சுகர் இருக்கிறது. காலையில் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரை, இரவில் மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறார். போன வருடம் அப்பா தவறியதிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கம் இல்லை. இப்போது ஒரு வண்ண சிகிச்சை நிலையத்துக்குப் போய் வருகிறார். மாலையில் அரை மணி நேரம் கண்ணில் துணி போட்டு நீல விளக்கின் கீழ் படுக்க வைக்கிறார்கள். மஞ்சள் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்துக் குடித்தால் கணையம் தூண்டப்படும், சீக்கிரமே மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அம்மா இப்போது நன்றாகத் தூங்குகிறார். அவர்கள் சொன்னபடி பச்சைப் புடவை கட்டிக்கொள்கிறார், முகம் தெளிந்திருக்கிறது. ஆனால் இரவு மாத்திரையைப் பல நாள் விட்டுவிடுகிறார் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தடுப்பதா, விடுவதா? - ஒரு வாசகி, கரூர்.

பதில்: மாத்திரை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று இரவிலிருந்தே அம்மா அதை மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவில் மறுபடி எடுக்கட்டும். விட்டுப்போன நாட்களுக்கு ஈடுகட்ட இரண்டாகப் போட வேண்டாம். கிளிமெபிரைட் அளவு கூடினால் சுகர் திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். நாளைக் காலை வெறும் வயிற்றில் ஒரு ரத்தப் பரிசோதனை, கூடவே ஹெச்பிஏ1சி. கடந்த மூன்று மாதம் சுகர் சராசரியாக எப்படி இருந்தது என்பதை அது காட்டிவிடும்.

அப்புறம், ஒளியால் நோய் குணமாகுமா என்ற கேள்வி. குணமாகும் நோய்கள் நிஜமாகவே உண்டு. தோலில் வரும் ஒருவகைக் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக 1903-ல் டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சென் நோபல் பரிசு பெற்றார். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் நீல விளக்கின் கீழ் வைக்கிறோமே, அது 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் தொடங்கியது. வெயில் பட்ட குழந்தையின் தோலில் மஞ்சள் குறைந்திருந்ததை அங்கே ஒரு செவிலியர் கவனித்தார். தோலில் தேங்கியிருக்கும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி 460 முதல் 490 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள நீல ஒளியை உறிஞ்சி வடிவம் மாறுகிறது, மாறிய பிறகு பித்தத்திலும் சிறுநீரிலும் கரைந்து வெளியேறுகிறது. சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு 311 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் கொடுக்கிறோம். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் வரும் மனச்சோர்வுக்குக் காலையில் 10,000 லக்ஸ் அளவுள்ள பிரகாசமான வெளிச்சத்தில் அரை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள்.

இவை எல்லாவற்றிலும் ஒளி போய்ச் சேரும் இடம் ஒன்று இருக்கிறது, அளவு இருக்கிறது, அங்கே என்ன நடக்கிறது என்பதும் தெரியும். கணையம் இருப்பதோ வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி. கண்ணுக்குத் தெரியும் ஒளி தோலுக்குள் சில மில்லிமீட்டர் போவதே அதிகம். பாட்டில் தண்ணீர் விஷயத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. மஞ்சள் கண்ணாடி பெரும்பாலும் நீலத்தைத் தடுத்து மற்ற நிறங்களை உள்ளே விடுகிறது, அந்த ஒளி தண்ணீரில் தங்குவதில்லை. வெயிலிலிருந்து எடுத்து வந்து டம்ளரில் ஊற்றும்போது அது கொஞ்சம் சூடான, வெறும் தண்ணீர்தான். வெயிலில் வைத்துக் கிருமி கொல்லும் முறை ஒன்று உண்மையில் இருக்கிறது. ஆனால் அதற்கு நிறமில்லாத தெளிவான பாட்டில் வேண்டும், ஆறு மணி நேரமாவது நல்ல வெயில் வேண்டும். வேலை செய்வது புற ஊதாக் கதிர். நிறப் பாட்டில் அதைத்தான் தடுக்கும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் குடித்தால் கெடுதல் இல்லை. மாத்திரைக்குப் பதிலாகக் குடிப்பதைத்தான் ஏற்க முடியாது.

இந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. பம்பாயில் 1873-ல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய தின்ஷா கடியாலி, 1920-களில் ‘ஸ்பெக்ட்ரோ-குரோம்’ என்ற விளக்குப் பெட்டியை விற்றார். உள்ளே 1,000 வாட் பல்பு, முன்னால் ஐந்து நிறக் கண்ணாடிகள். அவற்றைச் சேர்த்தும் பிரித்தும் 12 நிறங்கள். நீரிழிவு, காசநோய் உட்பட ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அதில் மருந்து உண்டு என்றார். 1947-ல் நியூஜெர்சியில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. விளக்கை நம்பி இன்சுலினை நிறுத்திய நீரிழிவு நோயாளியின் மரணமும் அந்த வழக்கில் பேசப்பட்டது. விளக்கு யாரையும் கொல்லவில்லை, இன்சுலினை விட்டதுதான் கொன்றது. உங்கள் கடிதத்தில் ‘இரவு மாத்திரையைப் பல நாள்’ என்ற வரியைப் படித்ததும் எனக்கு அந்த வழக்குதான் நினைவுக்கு வந்தது.

சரி, அம்மா தூங்குகிறாரே, அது எப்படி? அது பொய்யில்லை. ஆனால் காரணம் நீல நிறமாக இருக்க வாய்ப்பு குறைவு. நம் விழித்திரையில் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லும் செல்கள் சில உண்டு. அவற்றை மிக அதிகமாக உசுப்புவது 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளி. அது பட்டால் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகும். துணி இல்லாமல் கண்ணில் பட்டிருந்தால் நீல விளக்கு அம்மாவை விழித்திருக்கத்தான் வைத்திருக்கும். கண்ணில் துணி, போன் இல்லை, டிவி இல்லை, அரை மணி நேரம் அசையாமல் படுக்கை, அதற்கு முன்னும் பின்னும் ‘எப்படிம்மா இருக்கீங்க’ என்று கேட்க ஒரு ஆள். போன வருடம்தான் கணவரை இழந்த ஒருவருக்கு இது பெரிய மருந்து. எங்கள் வெளிநோயாளிப் பிரிவுகளில் அந்த அரை மணி நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம். நம்பி எடுக்கும் எதற்கும் பலன் கொஞ்சம் கூடத்தான் செய்யும். மாத்திரையின் நிறத்தைப் பார்த்தே சிவப்பு என்றால் சுறுசுறுப்பு தரும், நீலம் என்றால் தூக்கம் தரும் என்று மக்கள் எதிர்பார்ப்பதை 1996-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். அந்த எதிர்பார்ப்பு மனதை ஆற்றும், தூக்கத்துக்கு உதவும். ரத்தச் சர்க்கரையை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு அது போதாது.

பச்சைப் புடவையைப் பற்றி ஒரு வார்த்தை. கணவர் போன பிறகு நிறத்தையே ஒதுக்கி வைக்கும்படி நம் ஊர்ப் பெண்களிடம் எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்கிறார்கள்! உங்கள் அம்மா அதை மீறிப் பச்சை உடுத்துவது எனக்கு மிகுந்த சந்தோஷம். சிகிச்சை நிலையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தொடரட்டும்.

ஆகவே, நிலையத்துக்குப் போவதைத் தடுக்க வேண்டாம், கேலியும் வேண்டாம். கேலி செய்தால் மாத்திரையை விடுவதை உங்களிடமிருந்து மறைக்க ஆரம்பித்துவிடுவார். “போயிட்டு வாங்கம்மா, மாத்திரையும் சேர்த்துப் போடுங்க, மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம்” என்று சொல்லுங்கள். சுகர் நன்றாக இறங்கியிருந்தால் அளவைக் குறைப்பதை அவருடைய மருத்துவரே செய்வார், எங்களுக்கும் அதில் சந்தோஷம்தான். நிலையத்தில் உள்ளவரையும் நேரில் பார்த்து, மாத்திரையைப் பற்றி அம்மாவிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று பணிவாகவே, ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். பெரிய தொகையை முன்பணமாகக் கேட்டால் கட்ட வேண்டாம். எட்டு வருடச் சுகர் என்பதால் விழித்திரைப் பரிசோதனை வருடம் ஒருமுறை அவசியம். அது முடியும்வரை பிரகாசமான எந்த விளக்கையும் நேராகப் பார்க்க வேண்டாம்.

இதற்கிடையில் அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடை இழப்பு இருந்தாலோ, வீட்டு மீட்டரில் 300-க்கு மேல் காட்டினாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். வாந்தி, மூச்சு வாங்குதல், குழப்பமான பேச்சு இருந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போய்விடுங்கள். போகும்போது மாத்திரை அட்டைகளை எடுத்துச் செல்லுங்கள், எத்தனை நாள் விட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.