வெள்ளை வளையம் பூசிய பைன் மரங்கள்

கேள்வி: அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, கிஸ்ஸிம்மி ஏரிக்கரையை ஒட்டிய த்ரீ லேக்ஸ் வனவிலங்குப் பகுதிக்குப் பறவை பார்க்கச் சென்றோம். சில பைன் மரங்களில் வெள்ளை வளையம் பூசியிருந்தார்கள். தரை கருகிக் கிடந்தது. காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரை சுற்றியும் அங்குள்ள அரிய மரங்கொத்தியைக் காண முடியவில்லை. காட்டை அழித்துவிட்டார்களா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அழிக்கவில்லை, நீங்கள் போன நேரம்தான் தவறு. நீங்கள் தேடிய ரெட் காக்கேடட் மரங்கொத்தி விடிந்ததும் பொந்தைவிட்டுக் குடும்பமாகக் கிளம்பி, இரை தேடி வெகுதூரம் போய்விட்டு, அந்தி சாயும்போதுதான் திரும்பும். வெள்ளை வளையம் அதன் பொந்துள்ள மரம் என்பதற்கான அடையாளம். சூரியன் உதிக்கும் முன்பே அப்படியொரு மரத்திலிருந்து சற்றுத் தள்ளி அமைதியாக நின்றிருந்தால், ஒவ்வொரு பறவையும் தன் தனிப் பொந்திலிருந்து தலைநீட்டுவதைப் பார்த்திருக்கலாம்.

மற்ற மரங்கொத்திகள் பெரும்பாலும் பட்டுப்போன மரத்தைக் குடையும். இதுவோ உயிருள்ள முதிய பைன் மரத்தையே தேர்ந்தெடுப்பதால், ஒரு பொந்து முடியப் பல ஆண்டுகள்கூட ஆகிவிடும். உள்மரத்தை ஒரு பூஞ்சை மென்மையாக்கியிருந்தால் வேலை சற்று எளிது. வாசலைச் சுற்றிச் சிறு துளைகளைக் கொத்திக்கொண்டே இருப்பதால் பிசின் வழிந்து உறைந்து, உருகிய மெழுகுவத்தி போல மரம் வெளுத்துத் தெரியும். மரமேறும் பாம்புகளைத் தடுக்கும் வேலி அதுதான். அடுத்த முறை வளையத்தைவிட இந்தப் பிசின் ஒழுகலைத் தேடுங்கள். அது புதிதாகப் பளபளத்தால் வீட்டில் ஆளிருக்கிறது என்று பொருள்.

கருகிய தரையைக் கண்டு வருந்த வேண்டாம். அந்தச் சமவெளிப் பைன் காடு மின்னல் மூட்டும் தீயோடு வளர்ந்தது. இப்போது வனத்துறையினரே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள். தீ இல்லாவிட்டால் ஓக் போன்ற மரங்கள் பொந்தின் உயரத்துக்கு வளர்ந்துவிட, மரங்கொத்திகள் அந்த இடத்தையே கைவிட்டுவிடும். நீள்இலைப் பைனின் கன்றோ முதல் சில ஆண்டுகள் புல் கொத்துபோலவே இருந்து, நடுமொட்டை ஊசியிலைகளால் பொத்திக் காத்துக்கொள்ளும். நீங்கள் புல் என்று நினைத்து மிதித்தது மரமாகவும் இருந்திருக்கலாம்!

1970-இல் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்ட இந்தப் பறவை, 2024-இல்தான் அதைவிட ஒரு படி குறைந்த ஆபத்து நிலைக்கு மாற்றப்பட்டது.

அடுத்த முறை வசந்த காலத்தில் செல்லுங்கள். குட்டைப் பனைப் புதர்களிலிருந்து பாக்மன் சிட்டுக்குருவியின் நீண்ட சீழ்க்கையும் கேட்கும். மழைக்காலத்தில் அந்தத் தட்டை நிலமெங்கும் தண்ணீர் தேங்கும். அது வேட்டை அனுமதிக்கப்படும் பகுதி என்பதால், வேட்டை நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, பளிச்சென்ற ஆரஞ்சு மேலங்கி அணிந்து செல்வது நல்லது.